புல் இல்லாத கிரவுண்டில் ஒரு கல்லூரி சீசன்

வேலூரைக் கேலி செய்ய ஊர்க்காரர்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்ததும் அதில் ஒன்று அடிபட்டுப்போனது. காலியான இடத்தில் ‘புல் இல்லாத கிரவுண்டு’ என்று கால்பந்துக்காரர்கள் எழுதிக்கொள்ளலாம். வடாற்காட்டுக் கல்லூரி மைதானங்களில் பாதிக்கு மேல் சரளை கலந்த செம்மண்தான். சீசன் எப்படிப் போகும் என்பதை ஆட்களை 4-4-2 என்று நிறுத்துவதா 4-3-3 என்று நிறுத்துவதா என்ற விவாதத்தைவிட இந்தத் தரைதான் அதிகம் முடிவு செய்கிறது. யாருக்கு முழங்கால் போகும், எந்தப் பந்து வாங்கவேண்டும், எப்படிப் பாஸ் போடவேண்டும் என்பதெல்லாம் தரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

காலண்டர் ஏறத்தாழ இப்படி ஓடும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ கல்லூரி திறக்கும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். அங்கே கண்ணில் பட்டவர்கள் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போவார்கள், தேர்வானால் தென்மண்டலப் போட்டி. நடுவில் இன்டர்னல் தேர்வு, ஆயுதபூஜை, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, செமஸ்டர் எல்லாம் வந்து விழும். உருப்படியாகப் பயிற்சி செய்யக் கையில் இருப்பது ஆறு வாரம், மிஞ்சிப்போனால் எட்டு.

அந்த ஆறு வாரத்தின் முதல் நாளிலேயே ட்ரையல்ஸ் வைப்பது பலர் செய்யும் தவறு. கோடை விடுமுறை முழுக்க டென்னிஸ் பால் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் ஆடாத பையனை 12 நிமிட ஓட்டத்துக்கு நிறுத்தினால், அன்று அவன் ஓடிக்காட்டிவிடுவான். மூன்றாம் நாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அட்மிஷன் முடியாத முதலாண்டு மாணவர்களும் அந்த வாரத்தில் கைக்கு வரமாட்டார்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 50 நிமிடம், பந்தோடு மிதமான ஓட்டம், முழு வேக ஸ்பிரிண்ட் கிடையாது. ட்ரையல்ஸை மூன்றாம் வாரம் வைத்தால் போதும். 22 பேரை எடுக்கலாம்: 3 கீப்பர், 7 பேக், 7 மிட்ஃபீல்டர், 5 ஃபார்வர்டு. மூன்று கீப்பர் அதிகமாகத் தெரியும். ஆனால் சரளைத் தரையில் டைவ் அடிப்பவருக்குத்தான் முதலில் இடுப்பும் முழங்கையும் உரியும், இறுதியாண்டுக் கீப்பர் பிளேஸ்மென்ட் இன்டர்வியூ என்று சென்னை கிளம்பும் நாளும் மேட்ச் நாளும் எப்படியோ ஒன்றாக வந்து நிற்கும்.

கட்டாந்தரையில் முதலில் வருவது முன்கால் எலும்பு வலி. கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்போடு ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிள் மிதிக்க வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக்காட்டும்படி வலித்து, ஒற்றைக்காலில் குதிக்கும்போது சுருக்கென்றால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தம் என்றதும் மறுநாளே பூட்ஸ் கட்டுவதுதான் ஆபத்து, எலும்பு டாக்டர் ‘ஓடலாம்’ என்று சொல்லும்வரை உட்காரவேண்டும். ‘பி.டி. சார்கிட்ட சொன்னா டீம்லேர்ந்து தூக்கிடுவார்’ என்று பையன்கள் வலியை மறைப்பார்கள். வலியைச் சொன்னதற்காக யாருடைய இடமும் பறிபோகாது என்று பி.டி. சார் முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி குறையும்.

வலிக்கு அடுத்த காரணம் பூட்ஸ். டிவியில் பார்க்கும் எஃப்.ஜி. (ஃபர்ம் கிரவுண்ட்) ஸ்டட்ஸ், அதாவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள், புல்தரைக்குச் செய்தது. ஸ்டட்ஸ் மண்ணில் இறங்கினால்தான் பிடி கிடைக்கும். நம் தரையில் அது இறங்காது. உடல் எடை முழுவதும் பத்துப் பன்னிரண்டு முனைகளில் நின்று, உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பும், திரும்பும்போது கணுக்கால் பிசகும். இங்கே சரிவருவது அடியில் நிறையக் குட்டி ரப்பர் குமிழ்கள் உள்ள டி.எஃப். (டர்ஃப்) வகை, இல்லையென்றால் செயற்கைப் புல்லுக்கான குட்டையான ஏ.ஜி. வகை. பல்கலைக்கழக மட்டத்தில் புல்தரை மைதானம் கிடைக்கும்போது மட்டும் எஃப்.ஜி.யைப் பையிலிருந்து எடுக்கலாம். புது பூட்ஸோடு நேராக மேட்சில் இறங்கவேண்டாம், நான்கு பயிற்சியாவது போட்டுப் பழகவேண்டும். சரளைத் தரையில் முன்பக்கச் சோல்தான் முதலில் வாய் திறக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஷூ தைக்கும் கைக்குப் பஞ்சமில்லை. பூட்ஸ் புதிதாக இருக்கும்போதே நைலான் நூலால் சோலைச் சுற்றித் தைத்துவிட்டால் இரண்டு சீசன் தாங்கும். பசை மட்டும் போட்டு ஒட்டினால் 24 மணி நேரமாவது காயவேண்டும். காலையில் ஒட்டி மாலையில் ஆடினால் அது திரும்பவும் வாயைப் பிளக்கும்.

பந்துக்கும் இதே கதைதான். நூலால் தைத்த நல்ல மேட்ச் பந்தைச் சரளையில் உருட்டினால் ஒரு மாதத்தில் தையல் தேய்ந்துவிடும். பயிற்சிக்கு நிவியா ஸ்டார்ம் மாதிரி ரப்பர் மோல்டு பந்துகள் 10, மேட்சுக்கென்று தனியாகத் தையல் பந்து 2 என்று வைத்துக்கொள்வது நல்லது. விதிப்படி 5ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. கட்டாந்தரைக்குக் கீழ் எல்லையை ஒட்டி 9 வைத்தால்தான் பந்து காலில் நிற்கும். அளந்து வைத்த பந்தை வெயிலில் போடக்கூடாது. காலை 25 டிகிரியில் 9 பிஎஸ்ஐ இருந்த பந்து 50 டிகிரிக்குச் சூடானால் தானாகவே 11க்கு ஏறிவிடும். பயிற்சியில் பழகிய துள்ளல் மேட்சில் மாறிப்போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். மேட்ச் பந்து நிழலில், ஈரத்துணிக்கு அடியில் இருக்கட்டும். காற்றடிக்கும் ஊசியைக் கிளிசரினில் தொட்டுச் செருகினால் வால்வு கிழியாது. மைதான ஓரத்துச் சீமைக்கருவேலமும் நெருஞ்சியும்தான் பந்துக்குள் காற்று நிற்கும் பிளாடரின் முதல் எதிரிகள். சீசனுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரத்தைச் சுத்தம் செய்தால் மிச்சமாகும் பந்துகளை எண்ணிப் பார்த்தால் அந்த வியர்வை வீண் இல்லை என்று தெரியும்.

மைதானத்தைத் தயார் செய்வதைப் பலர் கிரவுண்டுமேன் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். அணியில் நாலு பேருக்காவது இது தெரிந்திருக்கவேண்டும். 100 மீட்டருக்கு 64 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், மூலைகள் செங்கோணமா என்று பார்க்க டேப்பில் 6, 8, 10 மீட்டர் முக்கோணம் போடுங்கள். கடைசியில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் 118.7 மீட்டர் வந்தால் சரி, அரை மீட்டர் வித்தியாசம் இருந்தால் எங்கோ கோணம் சாய்ந்திருக்கிறது. பெனால்டி பாக்ஸ் கோல் போஸ்ட்டின் உள்விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் 16.5 மீட்டர், அகலம் மொத்தம் 40.32. பெனால்டி புள்ளி 11 மீட்டர், நடுவட்டத்தின் ஆரம் 9.15. எல்லாக் கோட்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 690 மீட்டர் நீளம். காற்று இல்லாத அதிகாலையில் போட்டால் ஒரு மூட்டைப் பொடியில் முடிவது, ஆடிக்காற்றில் போட்டால் இரண்டு மூட்டை தின்னும். நீர்த்த சுண்ணாம்புத்தூள் வேண்டாம். ஸ்லைடிங் போடுபவரின் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. வெள்ளை சாக்பொடி விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

தண்ணீர் தெளிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மைதானம் முழுக்க 5 மி.மீ. நனைக்க 32,000 லிட்டர் வேண்டும். வேலூர்க் கோடையில் அது நடக்கிற காரியமா? இரண்டு பெனால்டி பாக்ஸை மட்டும் நனைத்தால் 6,700 லிட்டர் போதும், 12,000 லிட்டர் டேங்கரில் மீதியை நடுவட்டத்துக்கும் பக்கவாட்டுக்கும் விடலாம். மேட்சுக்கு முந்தின நாள் மாலை விடவேண்டும். காலையில் விட்டால் மேலே சேறு, அடியில் கல் என்று வழுக்கும். கோல் வாயில், அதாவது 18.32க்கு 5.5 மீட்டர் கட்டத்தில், சலித்த செம்மண்ணை 5 செ.மீ. பரப்பி லேசாக உருட்டினால் கீப்பரின் இடுப்பு தப்பிக்கும். ஒரு பக்கத்துக்கு 2 யூனிட்டுக்கு (யூனிட் என்றால் 100 கன அடி) கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். எம்-சாண்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைக் கொட்டவேண்டாம். அதன் துகள்கள் கூர்மையானவை, தோலைச் சீவிவிடும். மழை பெய்த மறுநாள் குதிகாலை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் பயிற்சி ரத்து. ஈரத்தில் விழுந்த கால்தடம் காய்ந்ததும் கல்லாகும், அடுத்த இரண்டு மாதம் கணுக்காலை உடைக்கும் பள்ளங்கள் அவைதான். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போகவேண்டும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் ஆகும்வரை திரும்பக்கூடாது. மரத்தடியோ இரும்புக் கோல் போஸ்ட்டோ அடைக்கலம் ஆகாது.

இனி ஆட்டம். சரளையில் பந்து ஒருமுறை தரையில் பட்டால் ஆள் உயரத்துக்கு எழும்பும். சென்டர் பேக் செய்யும் பெரிய பிழை, நீண்ட பந்தை ‘ஒரு பிட்ச் விழட்டும், அப்புறம் அடிக்கலாம்’ என்று விடுவது. அது தலைக்கு மேல் தாண்டி எதிரணி ஃபார்வர்டின் காலில் போய் நிற்கும். பந்து விழும் முன்பே தலையாலோ காலாலோ எடுக்கும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 15 நிமிடம், இரண்டு பேக்குக்கும் கட்டாயம். 5 மீட்டர் குட்டிப் பாஸ் ஓரளவு நேராக ஓடும், 20 மீட்டர் தரைப்பாஸ் கல்லில் பட்டுத் திசை மாறும். நடுவில் குட்டையாக ஆடி, பக்கவாட்டுக்கு மாற்றும்போது தூக்கிப் போடுவதுதான் இங்கே எடுபடும். கோலுக்கு அடிக்கும்போது தரையோடு அடியுங்கள், கீப்பருக்கு ஒரு அடி முன்னால் பந்து எகிறினால் உலகத்தரக் கீப்பரும் திணறுவார். அதே காரணத்தால் நம் கீப்பர் தரைப்பந்துக்கு ஒரு முழங்காலைக் குறுக்கே வைத்து உடம்பைப் பின்னால் நிறுத்தவேண்டும், கையை மட்டும் நீட்டக்கூடாது.

டாஸ் ஜெயித்தால் என்ன கேட்பது என்று கேப்டனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2019இல் விதி மாறியபின் ஜெயித்தவர் கோல் பக்கத்தையோ கிக் ஆஃபையோ தேர்ந்தெடுக்கலாம். மைதானம் கிழக்கு மேற்காக இருந்து, மேட்ச் மாலை 4 மணிக்கென்றால், இரண்டாம் பாதியில் தாழ்ந்த வெயில் எதிரணிக் கீப்பரின் கண்ணில் அடிக்கும் பக்கத்தைக் கணக்குப் பார்த்து எடுக்கவேண்டும். ஆடி மாதத்தில் வெயிலைவிடக் காற்று முக்கியம்.

வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டியது நிறைய. காலைப் பயிற்சி 5.45க்குத் தொடங்கி 7.15க்குள் முடியட்டும். கிளம்பும் முன்னும் முடித்த பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. 60 கிலோ பையனுக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அன்று குடித்தது போதவில்லை. பயிற்சிக்கு இரண்டு மணி முன்பு 500 மி.லி., நடுவில் 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர். ஓ.ஆர்.எஸ். கலப்பதில்தான் கோட்டை விடுவார்கள். சுமார் 21 கிராம் பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னப் பாக்கெட் 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் குமட்டும், உடம்புக்கும் கேடு. நீர்மோரில் உப்பும், காலைப் பயிற்சிக்குப் பின் கேழ்வரகுக் கூழில் மோரும் ஊற்றிக் குடிப்பது எந்தக் கலர் டப்பா பானத்துக்கும் குறைந்ததல்ல. மேட்சில் குளிர்விப்பு இடைவேளை 90 விநாடி முதல் 3 நிமிடம் வரை போட்டி விதிகளிலேயே அனுமதிக்கலாம், அதை ரெஃப்ரியிடம் மேட்சுக்கு முன் கேட்டு வைக்கவேண்டும். ஆடுகிறவர் தள்ளாடி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குத் தூக்கி, ஜெர்சியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தவேண்டாம். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சாப்பாடு சுலபம். மேட்சுக்கு மூன்று மணி முன்பு ஐந்து இட்லி, கொஞ்சம் சட்னி. ஒரு மணி முன்பு வாழைப்பழம். ஆம்பூரில் மேட்ச் என்றால் பிரியாணி ஜெயித்தபின், தோற்றாலும் அதன்பின்தான். கொழுப்பு வயிற்றில் தங்கிக்கொண்டு இரண்டாம் பாதி முழுக்க ஏப்பமாக வந்து நிற்கும்.

காகிதங்கள். களத்தில் தோற்பதைவிட மேசையில் தோற்பது வலிக்கும். போனஃபைடு (இந்தக் கல்லூரி மாணவர்தான் என்ற சான்றிதழ்), 10 மற்றும் 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல், அந்த ஆண்டுக் கட்டண ரசீது, அடையாள அட்டை, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் போட்டோ மேல் பாதியாக விழுந்த எலிஜிபிலிட்டி படிவம். பெயரின் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் ஆட்சேபம் வரும், ஜூலையிலேயே சரிசெய்யுங்கள். வயது வரம்பு எந்தத் தேதியில் கணக்கு என்பதை அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள், போன வருட ஞாபகத்தை நம்பவேண்டாம். அசலை ஒரு ஃபைலிலும் நகலை வேறு ஒருவர் பையிலும் கொண்டுபோங்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் மேட்சுக்கு முன்பே துறைத்தலைவர் மேசைக்குப் போகவேண்டும், பின்னால் கொடுத்தால் 75 சதவீத அட்டெண்டன்ஸில் அடி விழும்.

இன்னொன்று யாரும் கவனிப்பதில்லை. ஹாஸ்டல் பையன்கள் காலையில் வருவார்கள், குடியாத்தம், ஆற்காடு, அணைக்கட்டு பக்கம் பஸ் பிடிக்கும் டே ஸ்காலர்கள் மாலையில்தான் வருவார்கள். இப்படியே விட்டால் ஒரே ஜெர்சியில் இரண்டு அணிகள் உருவாகும். பேக்குகள் ஒரு வேளை, ஃபார்வர்டுகள் ஒரு வேளை என்று பிரிந்துபோய் கார்னர் செட்டப்பைக்கூட முழுசாகப் பழகாமல் மேட்சில் இறங்குவார்கள். வாரத்தில் மூன்று நாள் மாலை 4 முதல் 5.30 வரை எல்லாரும் சேர்ந்து, பஸ் நேரத்துக்கு முன் முடித்தே தீரவேண்டும். லேப் இருக்கும் நாட்களை முதலில் எழுதிக் கழித்துவிட்டு அந்த மூன்று நாளைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நாட்களில் ஃபிஃபா 11+ வார்ம் அப்பை அவரவர் ஊரிலேயே செய்யலாம். 8 நிமிட ஓட்டம், 10 நிமிட வலுவும் சமநிலையும், 2 நிமிட வேக ஓட்டம். அதிலுள்ள நார்டிக் ஹேம்ஸ்ட்ரிங் என்ற பின்தொடைப் பயிற்சியை முதல் வாரம் 5 முறையில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். முதல் நாளே 15 என்று போட்டால் இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாது, மூன்றாம் நாள் யாரும் வரமாட்டார்கள்.

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் எல்லை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். காலை 8 மணி மேட்சுக்கு அன்று விடியற்காலை பஸ் ஏறி இறங்கினால் தொடை இறுகிப்போகும், முந்தின இரவே போய்த் தங்குவதுதான் முறை. ஜோலார்பேட்டை, வாணியம்பாடி பக்கமென்றால் காட்பாடியில் ரயில் ஏறிவிடலாம், காலை நீட்ட இடம் இருக்கும். கிளம்பும் முன் எல்லார் மணிக்கட்டையும் பாருங்கள். ஸ்டீல் காப்பு, மோதிரம், ரப்பர் பேண்ட் எதுவும் கூடாது, டேப் சுற்றி மறைப்பதையும் விதி ஏற்பதில்லை. வருஷக்கணக்காகக் கழற்றாத காப்பு மேட்சுக்குப் பத்து நிமிடம் முன் கழலாது. முந்தின இரவே சோப்புத் தண்ணீர்.

நாக் அவுட்டில் பெனால்டி ஷூட் அவுட் வரும் என்று எண்ணிக்கொண்டே பழகவேண்டும். ஓய்ந்த காலோடு, பயிற்சி முடியும்போது 5 பேர் வரிசையாக அடிக்கட்டும். அடிப்பதற்கு முன் முடிவுசெய்த மூலையை அப்புறம் மாற்றக்கூடாது. ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்தவர்கள்தான் அடிக்க முடியும் என்பதால், கடைசி சப்ஸ்டிட்யூஷன் செய்யும்போதே யார் மிஞ்சுகிறார் என்று பார்க்கவேண்டும். பந்து உதைபடும் நொடியில் கீப்பரின் ஒரு காலாவது கோல் கோட்டின் மேலோ அதற்கு நேராகவோ இருக்கவேண்டும், இல்லையென்றால் பிடித்த பந்தும் திரும்ப அடிக்கப்படும்.

சரளையில் உரிந்த தோலுக்குக் காபித்தூளும் மஞ்சளும் அப்புவதை விடுங்கள். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, ஒட்டியிருக்கும் கல்லை எடுத்து, சுத்தமான துணி கட்டுங்கள். அழுக்குக் காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டிவிட்டது என்றால் ஊசி போடவேண்டும். தலையில் மோதி ஒரு நிமிடம் குழம்பினாலும் அன்று ஆட்டம் முடிந்தது. ‘இப்போ ஓகே சார்’ என்பதைக் கேட்கவேண்டாம்.

மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு மாணவர்கள் நிறைந்த அணியில் ரமலானைக் கணக்கில் எடுக்காத அட்டவணை உதவாது. அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும், அதனால் சில ஆண்டுகளில் சீசனின் வால்பகுதியைத் தொடும். நோன்பு திறப்பதற்கு 40 நிமிடம் முன்பு பந்தோடு மெதுவான பயிற்சி, கடினமானதை இஃப்தாருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு விளக்கு இருக்கும் இடத்தில். நண்பகல் ஸ்பிரிண்ட் யாருக்கும் வேண்டாம்.

கடைசி மேட்ச் முடிந்ததும் சாமான்களைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டோர் ரூமைப் பூட்டவேண்டும். பந்துகளில் காற்றைப் பாதியாகக் குறைத்து, துடைத்து, தரையில் இல்லாமல் பலகை மேல் வையுங்கள். வலையைச் சுருட்டி ஆணியில் தொங்கவிடுங்கள், கீழே போட்டால் கரையானும் எலியும் மே மாதத்துக்குள் பங்கு போட்டுவிடும். எந்தப் பந்து எத்தனை வாரம் உழைத்தது, எந்தக் கோல் வாயில் முதலில் பெயர்ந்தது, யாருடைய எலிஜிபிலிட்டி படிவம் எதற்காகத் திரும்பியது என்பதை ஒரு நோட்டில் எழுதி அதே பலகையில் வைத்துவிட்டுச் சாவியை இரண்டாமாண்டுப் பையன் ஒருவன் கையில் கொடுங்கள். ஜூலையில் கதவைத் திறக்கப்போவது அவன்தான்.